குற்றம் முதுசமாகுமா?

கடந்த தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மறைக்கல்விப் பிள்ளைகள் திருப்பாடுகளின் காட்சிக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போயிருந்தேன். பிலாத்துவின் அரண்மனை முன்பாக நின்று கூச்சலிடும் கூட்டத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்கள் பதினைந்து பேர்வரை இருந்தார்கள். காட்சி முழுவதிலும் அவர்களுக்குத்தான் உற்சாகம் அதிகம். பயிற்சி முடிந்தபின் அவர்களில் ஒருவன் என்னிடம் வந்தான்.

"சுவாமி, யேசுநாதரும் யூதர்தானே? மாதாவும் யூதப் பொம்பிளைதானே?"

"ஓம். அதிலென்ன சந்தேகம்?"

"அப்ப ஏன் நாங்கள் யேசுவை யூதர்தான் கொலை செய்தவை எண்டு சொல்லுறம்?"

நல்ல கேள்வி என்று தோளில் தட்டி அனுப்பிவிட்டேன். பதில் சொல்லவில்லை. அதற்குக் காரணம் நேரமின்மை அல்ல. குருவான புதிதில், ஒரு பெரிய வெள்ளிக்கிழமை, நான் செய்த பிரசங்கமொன்று அந்தக் கணத்தில் நினைவுக்கு வந்தது. மத்தேயு நற்செய்தியின் 27ஆம் அதிகாரத்தில், யேசுவின் இரத்தப்பழியைத் தங்கள்மேலும் தங்கள் பிள்ளைகள்மேலும் ஏற்றுக்கொள்வதாகக் கூட்டம் கத்துகிறதல்லவா? அந்த 25ஆம் வசனத்தை எடுத்துக்கொண்டு, யூதர்கள் பின்னர் நாடிழந்து ஊர் ஊராய் அலைந்ததெல்லாம் அன்று கேட்டு வாங்கிய பழியின் பலனே என்று விரிவாக விளக்கினேன். குருமடத்தில் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ஏட்டைப் படித்து, பரீட்சை எழுதி, நல்ல புள்ளியும் எடுத்தவன் நான். ஆனால் மேடையில் ஏறியபோது வாயில் வந்தது சங்கத்தின் போதனை அல்ல. எப்போதோ காதில் விழுந்து ஊறிப்போன பழைய பேச்சு. கோயிலில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. உருக்கமான பிரசங்கம் என்று இரண்டொருவர் சொல்லிவிட்டும் போனார்கள்.

ஒருவன் செய்த குற்றம் அவன் பிள்ளைகளைச் சேருமா? நமது ஞானோபதேசம் இதற்குத் தெளிவான விடை வைத்திருக்கிறது. சாவான பாவத்துக்குக் கனமான காரியம், தெளிந்த அறிவு, முழுச்சம்மதம் என்ற மூன்றும் வேண்டும். முதல் நன்மைக்கு ஆயத்தம் செய்யும் பிள்ளையும் இதை ஒப்புவிக்கும். இன்னும் பிறவாத ஒருவனுக்கு அறிவுமில்லை, சம்மதமுமில்லை, ஆகவே குற்றமுமில்லை. சென்மப்பாவம் வழிவழியாக வரவில்லையா என்று யாரும் கேட்கலாம். அதையுங்கூட நாம் ஒவ்வொருவரும் செய்த பாவம் என்று திருச்சபை போதிப்பதில்லை. அது மனுக்குலம் முழுவதற்கும் பொதுவான குறை. ஒரு இனத்தாரை மாத்திரம் தேடிப் பிடிக்கும் சென்மப்பாவம் என்று எந்த ஞானோபதேசத்திலும் இல்லை.

இந்த உண்மையை உலகுக்குச் சொல்லித்தந்தவர்கள் யார் என்று பார்த்தால் வெட்கமாயிருக்கும். கிறிஸ்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டில், பபிலோனியாவில் சிறைப்பட்டிருந்த யூதர்களிடையே, தந்தையர் தின்ற புளிப்புக்குப் பிள்ளைகளின் பல் கூசுவதைப்பற்றிய ஒரு பழமொழி வழங்கிவந்தது. இனிமேல் அந்தப் பழமொழியை வாயில் எடுக்கவேண்டாம் என்று எசேக்கியேல் தீர்க்கதரிசி இறைவனின் பெயரால் கண்டித்தார். அவருடைய நூலின் 18ஆம் அதிகாரம் முழுவதும் இதுவே பொருள்: தகப்பனின் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை. குற்றம் முதுசமாகாது என்று நமக்குப் படிப்பித்தவர்கள் யூதர்கள். அந்தப் பாடத்தை அவர்களுக்கு மட்டும் மறுத்தவர்கள் நாம்.

அந்தக் கூச்சலையும் சற்று நின்று பார்ப்போம். தேசாதிபதியின் முற்றத்தில் எத்தனை பேர் நின்றிருக்க முடியும்? அக்காலத்தில் யூதர்களில் பெரும்பகுதியினர் அலெக்சாந்திரியாவிலும் உரோமையிலும் பபிலோனியாவிலுமாகப் பரந்திருந்தார்கள். அவர்கள் யேசு என்ற பெயரையே அன்று கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். சிலுவை உரோமையரின் தண்டனை. தீர்ப்பிட்டவன் உரோமை அதிகாரி. நமது விசுவாசப்பிரமாணம் பாடுகளோடு சேர்த்துச் சொல்லும் ஒரே பெயர் போஞ்சு பிலாத்து. மேலும், கிறிஸ்துவின் இரத்தம் எங்கள்மேல் வரவேண்டும், எங்கள் பிள்ளைகளைக் கழுவவேண்டும் என்றுதானே நாம் தினமும் வேண்டுகிறோம்? அதே இரத்தம் நம்மேல் விழுந்தால் இரட்சிப்பு, அவர்கள்மேல் விழுந்தால் சாபமா?

திருச்சபை இதை அறியாமலிருந்ததுமில்லை. திரெந்துப் பொதுச்சங்கத்தின் பின் 1566இல் வெளியான ஞானோபதேசம், கிறிஸ்துவின் மரணத்துக்கு யூதர்களைவிடப் பாவத்தில் விழும் கிறிஸ்தவர்களே பெரிய குற்றவாளிகள் என்று சொல்கிறது. அவர்கள் அறியாமல் செய்தார்கள், நாமோ அறிந்து செய்கிறோம் என்று சின்னப்பரை ஆதாரம் காட்டுகிறது. ஏட்டில் இது இருந்தது. ஆனால் மக்களின் காதில் விழுந்தது வேறு.

அந்த வேறு பேச்சு மிகப் பழையது. 386, 387ஆம் ஆண்டுகளில் அந்தியோக்கியாவில் குருவாயிருந்த புனித கிறிசோஸ்தோம் அருளப்பர், யூதருக்கு எதிராக எட்டுப் பிரசங்கங்கள் நிகழ்த்தினார். யூதரின் திருநாள்களுக்குப் போய்வந்த தமது கிறிஸ்தவர்களைத் தடுப்பதே அவருடைய நோக்கம். ஆயினும் செபக்கூடத்தைப்பற்றி அவர் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. அவர் திருச்சபையின் வேதபாரகர். பூசைக்கு ஆயத்தமாகும்போது நான் இன்றும் வாசிக்கும் ஆசிரியர். பரிசுத்தம் ஒருவரை எல்லாத் தப்பெண்ணங்களிலிருந்தும் காப்பதில்லை.

பேச்சு பேச்சாக நிற்கவுமில்லை. 1096இல் முதலாவது சிலுவைப்போருக்கென்று புறப்பட்ட கூட்டங்கள், கர்த்தரின் பகைவரைத் தேடித் தூரதேசம் போவானேன், அவர்கள் இங்கேயே இருக்கிறார்களே என்று ரைன் நதிக்கரை நகரங்களில் புகுந்தன. ஸ்பையர் நகரில் ஆயர் உறுதியாக நின்றதால் பெரும்பாலான யூதர்கள் தப்பினர். வேர்ம்ஸ் நகரில் ஆயரின் மாளிகைக்குள் அடைக்கலம் புகுந்தவர்களும் கொல்லப்பட்டனர். மாயின்ஸில் பேராயரின் பாதுகாப்பு உடைந்தது. ஞானஸ்நானமா சாவா என்று கேட்கப்பட்ட தாய்தந்தையர் பலர், பிள்ளைகளைத் தங்கள் கையாலேயே கொன்று தாங்களும் மடிந்தார்கள். அந்த மரணங்களுக்காக இயற்றப்பட்ட புலம்பல்களை யூதர்கள் இன்றும் தங்கள் துக்கநாளில் பாடுகிறார்கள். நாம் நமது வரலாற்றுப் புத்தகத்தில் சிலுவைப்போரை எருசலேமிலிருந்து தொடங்குகிறோம்.

ஐம்பது ஆண்டுகளின் பின், 1146இல், அதே நதிக்கரையில் இராதுல்பு என்ற துறவி அதே பிரசங்கத்தைத் திரும்பவும் தொடங்கினார். இரண்டாவது சிலுவைப்போருக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்த புனித பெர்நார்து இதைக் கேள்வியுற்று, மாயின்ஸ் பேராயருக்குக் கடிதம் எழுதினார். அது போதாதென்று கண்டு தாமே அங்கு சென்று, மக்கள் முணுமுணுத்தபோதும், அத்துறவியை மடத்துக்குத் திருப்பி அனுப்பினார். பொன் நகரைச் சேர்ந்த எபிராயிம் என்ற யூத ரபி தமது குறிப்பேட்டில் பெர்நார்தைப் புகழ்ந்து எழுதிவைத்தார். பெர்நார்தும் தம் காலத்து எண்ணங்களுக்கு அப்பாற்பட்டவரல்லர். ஆனால் ஒரு குருவானவர் வாய் திறந்தால் ஆயிரம் பேர் சாகவும் முடியும், ஆயிரம் பேர் பிழைக்கவும் முடியும் என்பதை அந்த ஆண்டு காட்டியது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் யூதர்கள் உடையால் வேறுபட்டுத் தெரியவேண்டும் என்று விதித்தது. 1475இல் இத்தாலியின் திரெந்து நகரில் சீமோன் என்ற குழந்தை இறந்துகிடந்தபோது, யூதர்கள் தங்கள் சடங்குக்காக அதைக் கொன்றார்கள் என்று சித்திரவதையின்மூலம் வாக்குமூலம் வாங்கி அவர்களைக் கொன்றார்கள். இப்படியான குற்றச்சாட்டுகளைப் பாப்பரசர் 4ஆம் இன்னொசென்ற் 1247இலேயே கண்டித்திருந்தும், அக்குழந்தைக்கு நடந்துவந்த வணக்கம் 1965இல்தான் நிறுத்தப்பட்டது. 1555இல் பாப்பரசர் 4ஆம் சின்னப்பர் உரோமாபுரி யூதர்களை மதில் சூழ்ந்த ஒரு பகுதிக்குள் அடைத்தார்.

எனக்கு இவை எல்லாவற்றிலும் பார்க்க ஆழமாகப் படுவது ஒரு செபம். பெரிய வெள்ளிக்கிழமை வழிபாட்டில் திருச்சபைக்காக, பாப்பரசருக்காக, புறமதத்தவருக்காக என்று வரிசையாக மன்றாடுகிறோம். பழைய இலத்தீன் முறையில், யூதருக்கான மன்றாட்டில் மட்டும் அவர்களுக்கு "பெர்ஃபிதிஸ்" என்ற அடைமொழி இருந்தது. விசுவாசமற்றவர்கள் என்பதுதான் அதன் முதற்பொருள் என்று அறிஞர் சொல்வர். ஆனால் மக்கள் மொழிகளில் அது துரோகிகள் என்றே விழுந்தது. மற்ற மன்றாட்டுகள் எல்லாவற்றுக்கும் முழந்தாளிட்டவர்கள் இதற்கு மட்டும் முழந்தாளிடவில்லை. யூதர்கள் முழந்தாளிட்டு யேசுவைப் பரிகசித்தார்களாம், அதனால் நாம் முழந்தாளிடக்கூடாதாம். மத்திய காலத்து வழிபாட்டு நூலாசிரியர் இப்படி விளக்கினர். நற்செய்தியைத் திறந்து பாருங்கள். முட்கிரீடம் சூட்டி முழந்தாளிட்டுப் பரிகசித்தவர்கள் தேசாதிபதியின் போர்வீரர்கள்! பல நூறு ஆண்டுகளாக, வேதாகமத்தைக் கரைத்துக் குடித்த எத்தனையோ குருக்கள் அந்த இடத்தில் நின்றபடியே செபித்தார்கள். நமது நாட்டுப் பீடங்களிலும் அதே இலத்தீன் மன்றாட்டுத்தான் சொல்லப்பட்டது.

1928இல், கர்தினால்மாரும் ஆயிரக்கணக்கான குருக்களும் அங்கம் வகித்த "இஸ்ராயேலின் நண்பர்" என்ற சங்கம், அந்தச் சொல்லை நீக்கும்படி உரோமையைக் கேட்டது. வேண்டுகோள் மறுக்கப்பட்டது, சங்கமும் கலைக்கப்பட்டது. அந்தக் கட்டளையிலேயே யூதப்பகையைக் கண்டிக்கும் வாக்கியமும் இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். பத்தாண்டுகளின் பின், 1938 செப்டெம்பரில், பாப்பரசர் 11ஆம் பயஸ் பெல்ஜிய யாத்திரிகரிடம் பேசுகையில், ஆபிரகாமை நமது தந்தை என்று பூசையில் அழைக்கும் நாம் ஆன்மாவால் செமித்தியர் என்று கண்ணீரோடு சொன்னார்.

அதே ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் இரவு ஜேர்மனி முழுவதிலும் செபக்கூடங்கள் எரிந்தன. பேர்லின் நகரின் புனித எட்விக் பேராலயத்தில் பெர்நார்து லிக்ரன்பேர்க் என்ற குருவானவர் இருந்தார். எரியும் அந்தச் செபக்கூடமும் கடவுளின் வீடுதான் என்று சொல்லி, யூதருக்காக மாலைச் செபத்தில் வெளிப்படையாக மன்றாடினார். தொடர்ந்து மாலைதோறும் மன்றாடினார். துண்டுப்பிரசுரம் எழுதவில்லை, ஆயுதம் எடுக்கவில்லை, செபித்தார், அவ்வளவுதான். செபத்தைக் கேட்ட இரண்டு மாணவிகள் பொலிசுக்கு அறிவிக்க, 1941 ஒக்ரோபரில் கைதானார். சிறைத்தண்டனை முடிந்தபின் டாக்காவ் முகாமுக்குக் கொண்டுபோகும் வழியில், 1943 நவம்பர் 5ஆம் நாள் இறந்தார். 1996இல் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தியது.

அவர் சிறையிலிருந்த அதே 1943இல், பிரான்சில் யூல் இசாக் என்ற வயோதிபர் ஒளித்துத் திரிந்தார். பிரெஞ்சுப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்த சரித்திரப் பாடநூல்களை எழுதியவர். யூதர் என்பதற்காக 1940இல் பதவி பறிக்கப்பட்டவர். ஒக்ரோபர் மாதத்தில் ஒருநாள் அவர் வெளியே போயிருந்த நேரம் கெஸ்ராப்போவினர் வந்து மனைவியையும் மகளையும் பிடித்துக்கொண்டு போனார்கள். பாரிஸ் அருகே திரான்சி முகாமிலிருந்து மனைவி ஒரு துண்டுக் கடிதம் அனுப்பினார்: தொடங்கிய வேலையை முடியுங்கள், உலகம் அதற்காகக் காத்திருக்கிறது என்பது அதன் பொருள். அவர்கள் அவுஷ்விற்சிலிருந்து திரும்பவில்லை. அந்த வேலை 1948இல் "யேசுவும் இஸ்ராயேலும்" என்ற நூலாக வந்தது. நாசிகளைத் திட்டுவதற்கு அவர் அதை எழுதவில்லை. நற்செய்தியை வரிவரியாக எடுத்து, அது சொல்வதையும் அதன் பெயரால் கிறிஸ்தவர்கள் சொல்லிவந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கோபத்துக்கு எல்லா நியாயமும் இருந்த மனிதர் நம்மிடம் கேட்டது, உங்கள் வேதத்தையே சரியாக வாசியுங்கள் என்பதுதான்.

பாப்பரசர் 12ஆம் பயஸ் 1955இல் பரிசுத்த வாரத்தைச் சீர்திருத்தியபோது, யூதருக்கான மன்றாட்டிலும் முழந்தாளிடும் வழக்கம் திரும்பியது. 1959 பெரிய வெள்ளியன்று பாப்பரசர் 23ஆம் அருளப்பர் அந்த அடைமொழியையே நீக்கினார். போர்க்காலத்தில் துருக்கியில் திருப்பீடப் பிரதிநிதியாயிருந்து யூத அகதிகளுக்கு உதவியவர் அவர். 1960 யூன் 13ஆம் நாள் எண்பத்திரண்டு வயது இசாக் அவரைச் சந்தித்து, இழிவைப் போதிக்கும் வழக்கத்தைத் திருச்சபை கைவிடவேண்டும் என்று மனுக் கொடுத்தார். புறப்படும்போது, சிறிது நம்பிக்கையையாவது கொண்டுபோகலாமா என்று கேட்டார். நம்பிக்கையிலும் மேலானதற்கு உமக்கு உரிமை உண்டு என்று பாப்பரசர் பதிலளித்தார். 1965 ஒக்ரோபர் 28ஆம் நாள் சங்கத் தந்தையர் 2221 பேர் ஆதரவாகவும் 88 பேர் எதிராகவும் வாக்களித்து நிறைவேற்றிய ஏடு, பாடுகளின்போது நடந்தவற்றை அன்றிருந்த எல்லா யூதர்மேலும் இன்றுள்ள யூதர்மேலும் சுமத்தமுடியாது என்று கூறியது. அதைக் காண இசாக் இல்லை; 1963இல் இறந்துவிட்டார். அருளப்பரும் அதே ஆண்டில்தான்.

இங்கே ஒரு சிக்கல் வருகிறது. குற்றம் முதுசமாகாது என்றால், நமக்கும் அது முதுசமாகாதல்லவா? மாயின்ஸில் கொன்றது நாமா? பேர்லினில் தீ வைத்தது நாமா? எங்கள் ஊர்களில் ஒரு யூதனைக் கண்டவர்களே அரிது. எசேக்கியேலின் நியாயம் நம்மையும் காப்பாற்றவேண்டுமே.

காப்பாற்றத்தான் செய்கிறது, ஆனால் குற்றத்திலிருந்து மட்டும். தகப்பன் விட்டுப்போன முதுசக் காணியை மகன் எடுக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காணி ஈட்டில் இருக்கிறது. கடன்பட்டது தகப்பன், அதில் மகனுக்கு ஒரு குற்றமுமில்லை. ஆனால் காணியை எடுத்துக்கொண்டு, ஈட்டுக்காரன் வாசலில் வந்து நிற்கும்போது எனக்கு இது தெரியாது என்று சொன்னால், ஊர் அவனை என்ன சொல்லும்? நாம் திருச்சபையிடமிருந்து விசுவாசத்தையும் செபங்களையும் திருநாள்களையும் முதுசமாக எடுத்துக்கொண்டோம். அவற்றோடு அந்தப் பெரிய வெள்ளி மன்றாட்டும் வந்தது. என் வாயில் வந்த அந்தப் பிரசங்கமும் வந்தது.

1997 செப்டெம்பர் 30ஆம் நாள் பிரெஞ்சு ஆயர்கள், இசாக்கின் மனைவி அடைக்கப்பட்டிருந்த அதே திரான்சியில் நின்று, 1940இல் தங்கள் முன்னோர் காத்த மௌனத்துக்காக இறைவனிடம் மன்னிப்புக் கேட்டு, யூத மக்கள் அதைக் கேட்கும்படி வேண்டினார்கள். அடுத்த ஆண்டு உரோமையிலிருந்து வந்த ஏடு நல்லதுதான். ஆயினும் திருச்சபையின் பிள்ளைகள் தவறினார்கள் என்று அது பிரித்துச் சொன்ன விதம், யூதர் பலருக்குத் திருப்தி தரவில்லை. திருச்சபை பரிசுத்தமானது என்ற விசுவாசத்தை நானும் அறிக்கையிடுகிறேன். என்றாலும் மன்றாட்டைச் சொன்னது ஏதோ ஒரு பிள்ளையல்ல. பீடத்தில் நின்று எல்லாருமாய்ச் சொன்னோம். நாசிகளின் இனவெறி வேறு, கிறிஸ்தவரின் பழைய பகை வேறு என்று அந்த ஏடு காட்டும் வேறுபாடு உண்மைதான். ஞானஸ்நானம் பெற்றுக் கார்மேல் துறவியான எடித் ஸ்ரைனையும் 1942 ஓகஸ்ட் மாதத்தில் அவுஷ்விற்சில் கொன்றார்களே. ஆனால் அந்த இரயில்களை ஓட்டியவர்களிலும் காவல் நின்றவர்களிலும் பார்த்துக்கொண்டிருந்தவர்களிலும் ஞானஸ்நானம் பெறாதவர் எத்தனை பேர்?

மன்னிப்பைப்பற்றி யூத ரபிகளின் போதனை ஒன்று நமக்குப் புதிதாகப் படலாம். மிஷ்னா என்னும் அவர்களுடைய பழைய சட்டத்தொகுப்பின்படி, கடவுளுக்கு எதிரான பாவத்துக்குப் பாவப்பரிகார நாளில் மன்னிப்பு உண்டு; அயலவனுக்கு எதிரான பாவத்துக்கோ அந்த அயலவனைச் சமாதானப்படுத்தும்வரை மன்னிப்பில்லை. காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்ற நமது ஆண்டவரின் போதனையும் இதுவேயல்லவா? பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நாம் இதை எவ்வளவு இலேசாகத் தாண்டிப்போகிறோம்! பன்னிரண்டாம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிதெஸ் இன்னுமொரு படி மேலே போகிறார். முன்பு தவறிய அதே சந்தர்ப்பம் திரும்ப வந்து, செய்ய இயலுமாயிருந்தும் செய்யாமல் விடுகிறானே, அவனுடைய மனஸ்தாபமே முழுமையானது என்கிறார்.

இன்றைய இஸ்ராயேல் அரசின் செயல்களைக் கண்டு மனம் கொதிப்பவர்கள் நம்மிடையே பலர். ஓர் அரசைக் கண்டிப்பது வேறு. அதற்கு நியாயமிருந்தால் கண்டிக்கத்தான் வேண்டும், பலஸ்தீனக் கிறிஸ்தவர்களும் கண்டிக்கிறார்கள். அந்தக் கோபத்தில், இவர்கள் அன்றே யேசுவைக் கொன்றவர்கள்தானே என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால் அது பழைய இரத்தப்பழிதான். 2023 ஒக்ரோபர் 7ஆம் நாள் நடந்த கொலைகளுக்குக் காசாவில் பிறந்த குழந்தையைப் பொறுப்பாக்குவதும் அதே பழிதான்.

என்னுடைய அந்தப் பிரசங்கத்தைக் கேட்டவர்களில் சிலர் இந்தப் பத்திரிகையை வாசிக்கிறார்கள் என்று அறிவேன். அன்று நான் சொன்னது பிழை. வேதத்துக்கும் பிழை, திருச்சபையின் போதனைக்கும் பிழை. அதைக் கேட்டு வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் இருந்தால், தயவுசெய்து இதையும் சொல்லிக்கொடுங்கள்.

அடுத்த ஞாயிறு பயிற்சிக்குப் போய், பையனிடம் பதில் சொன்னேன். பிறகு காட்சியைப் பழக்கும் ஆசிரியரோடு பேசினேன். ஜேர்மனியில் 1634 முதல் பாடுகளின் நாடகம் நடத்தும் ஓபராமெர்காவ் கிராமத்தவர்கள் 2000ஆம் ஆண்டில் அந்த இரத்தப்பழிக் கூச்சலை நாடகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். வேதாகமத்திலிருந்து அதை எடுக்க எவருக்கும் அதிகாரமில்லை. மேடையில் பையன்களைக்கொண்டு கத்துவிக்காமல் விடலாம். ஆசிரியர் சம்மதித்தார். உடுப்பு விஷயத்தில்தான் சிறிது தகராறு. சீடருக்கும் மாதாவுக்கும் வெள்ளை, கூட்டத்துக்குக் கறுப்பு என்று துணி எடுத்தாயிற்று. எல்லாரும் ஒரே ஊர், ஒரே இனம், ஒரே உடுப்பாக இருக்கட்டும் என்றேன்.

"சுவாமி, அப்ப ஆர் யேசுவின்ரை ஆக்கள், ஆர் கத்திற ஆக்கள் எண்டு பாக்கிற சனத்துக்குத் தெரியாதே" என்றான் அந்தப் பையன்.

"அண்டைக்கும் தெரிஞ்சிருக்காது" என்றேன்.